237 உதைக்கிறது!

போன சனிக்கிழமை ராத்திரி ஒன்பதே கால். மூன்றாவது தோசை தட்டில் விழுகிற சமயம் பார்த்து திருச்சியிலிருந்து அக்கா போன்.

“டேய், அப்பாவோட அந்த கேசட் உங்கிட்டதானே இருக்கு?”

“எந்த கேசட்டுக்கா?”

“அதான்டா... ‘ஷ்’ கேசட்!”

எங்கள் குடும்பத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உங்களுக்குத் தேவை. ஆகவே, தயவுசெய்து என்னோடு 1982-க்கு வாருங்கள்.

மன்னார்குடி. ஓட்டு வீடு. அப்பா பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் கிளார்க். அவருடைய ஒரே ஆடம்பரம், சிங்கப்பூர் மாமா கொண்டுவந்து கொடுத்த ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டர். எங்கள் பக்கத்தில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் மாதிரி கணீரென்று கேட்கும். ‘பொங்கும் பூம்புனல்’ ஆரம்பித்தால்தான் தெருவில் பொழுது விடிந்ததாக அர்த்தம். ரேடியோவிலிருந்து டேப் ரெக்கார்டருக்கு ஒயர் போட்டு இணைக்கலாம் என்பது அப்பாவுக்குத் தெரியாது. ரேடியோவுக்கு எதிரே டேப் ரெக்கார்டரை, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி முகத்துக்கு முகம் உட்கார வைப்பார். சிவப்பு பட்டனையும் பக்கத்து பட்டனையும் சேர்த்து அமுக்குவார். அந்த நிமிஷத்திலிருந்து வீட்டில் 144 தடை உத்தரவு. தும்மக் கூடாது. தாளிக்கக் கூடாது. பால்காரர் வந்தால் ஜாடையில்தான் வாங்க வேண்டும்.

ஒருநாள் ‘நிழல்கள்’ (1980) படப் பாட்டு ஒன்று பதிவாகிக்கொண்டிருந்தது. எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மீதியைப் படிக்காமல் நீங்கள் அதை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். வயலின்கள் உச்சத்துக்குப் போன நேரம் ஒரு குழந்தைக் குரல், “அம்மா... முறுக்கு இருக்கா?” என்றது. உடனே அப்பா, ரேடியோவையும் தோற்கடிக்கிற குரலில்:

“ஷ்ஷ்! யாரும் பேசாதீங்க! ரெக்கார்டிங் ஓடுதுல்ல!”

தொடர்ந்து, சமையல் உள்ளிலிருந்து அம்மாவின் அடக்க முடியாத சிரிப்பு. பிறகு பாட்டு.

முறுக்கு கேட்ட கிராதகன் நான்தான் என்பது குடும்ப வரலாறு. நாற்பது வருஷத்துக்கும் மேலாக எல்லாக் கல்யாணத்திலும், காதுகுத்திலும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்பா 1991-ல் போய்விட்டார். அக்கா கல்யாண வீடியோவில் இருக்கிறார். ஆனால் பேச மாட்டார். வீடியோக்காரர் முழுக்க சினிமாப் பாட்டு போட்டுவிட்டதால் வாயை மட்டும் அசைப்பார். ஆகவே, உலகத்தில் அப்பாவின் குரல் பதிவாகியிருப்பது அந்த ஒரே இடத்தில்தான். யாரும் பேசக் கூடாது என்று சொன்னவர் குரல் மட்டும்தான் மிச்சம்.

“புதன்கிழமை அப்பா நினைவு நாள்டா. எல்லாரும் வர்றாங்க. பேத்தி கேக்கறா, கொள்ளுத் தாத்தா எப்படிப் பேசுவாருன்னு. அதைப் போட்டுக் காட்டலாம்னு...”

“ரெண்டு நிமிஷத்துல அனுப்பறேன்க்கா” என்றேன்.

அந்த ரெண்டு நிமிஷம் திங்கட்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்குத்தான் முடிந்தது.

*

அப்பாவின் 41 கேசட்களையும் 2008-ல் மாங்கு மாங்கென்று உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு பாட்டாக வெட்டி, எம்பி3 ஆக்கி, பெயர் தட்டி வைத்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி தரைத்தள வீட்டில் கேசட்கள் ஊறி உளுந்து வடை ஆனபோது, “பரவாயில்லை, எல்லாம் டிஸ்க்கில் இருக்கிறது” என்று மார்தட்டினவன் நான்.

சனிக்கிழமை ராத்திரி அந்த வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, பாட்டு நூலக மென்பொருளைத் திறந்து, பாட்டைத் தேடினேன். வந்தது. ஒன்றே ஒன்று. போட்டேன்.

ஆஹா, என்ன துல்லியம்! கண்ணாடி மாதிரி சுத்தம். வயலின்கள் உச்சத்துக்குப் போயின. காத்திருந்தேன். முறுக்கு வரவில்லை. ‘ஷ்’ வரவில்லை. இது கடையில் வாங்கிய சி.டி.யிலிருந்து ஏற்றின பாட்டு.

அப்பாவின் பாட்டு இல்லை.

“இருக்கும்ங்க. நல்லாத் தேடுங்க. நீங்க மூக்குக் கண்ணாடியையே நெத்தியில வெச்சுக்கிட்டுத் தேடறவர்” என்றாள் மனைவி. தேடினேன். அப்படித் தேடிய இரவில்தான் என் பாட்டு நூலகத்தின் உண்மையான லட்சணம் எனக்கே தெரிந்தது.

*

முதலில் ஒரு அடிப்படை விஷயம். இதைப் புரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

பாட்டு நூலக மென்பொருளுக்குள் பாட்டு கிடையாது. நான் கணக்குப் பிரிவுக்காரன். என் பாஷையில் சொன்னால், அது ஸ்டாக் ரெஜிஸ்டர். சரக்கு இருப்பது கோடவுனில், அதாவது உங்கள் டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டர்களில். ரெஜிஸ்டரில் ‘இன்ன பாட்டு, இன்ன டிரைவ், இன்ன ஃபோல்டர்’ என்று விலாசம் மட்டும் எழுதியிருக்கும். நீங்கள் நேராக ஃபோல்டரைத் திறந்து, “ராஜா பாட்டையெல்லாம் ஒரே இடத்தில் வைப்போம்” என்று நகர்த்தினால், ரெஜிஸ்டருக்கு யாரும் சொல்வதில்லை. அது பழைய விலாசத்துக்கே போய்க் கதவைத் தட்டும். ஆள் இல்லை என்றால் பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். அநேக மென்பொருள்களில் இதுதான் வழக்கம்.

நகர்த்தாமலேயேகூட விலாசம் மாறும். விண்டோஸில் வெளி டிஸ்க் செருகினால் ஒரு எழுத்து கொடுப்பார்கள், ‘ஈ’ டிரைவ், ‘எஃப்’ டிரைவ் என்று. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். உங்கள் டிஸ்க் வழக்கமாக உட்காருகிற ‘ஈ’யில் அன்றைக்கு ஒரு பென் டிரைவ் முதலில் ஏறிவிட்டால், டிஸ்க்குக்கு ‘எஃப்’ கிடைக்கும். பாட்டுகள் ஒரு இஞ்ச்கூட நகரவில்லை. ஆனால் ரெஜிஸ்டரில் எல்லா விலாசமும் தப்பு.

போன மாதம் எனக்கு நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தால் 11,400 பாட்டு, 11,400 ஆச்சரியக்குறி!

செய்திருக்க வேண்டியது: பென் டிரைவைக் கழற்றிவிட்டு, விண்டோஸில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்ற இடத்துக்குப் போய், டிஸ்க்குக்கு மறுபடி ‘ஈ’ என்று எழுத்து மாற்றியிருக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. அத்தனை ஆச்சரியக்குறியும் மறைந்திருக்கும்.

செய்தது: “பாட்டைக் காணோமா? மறுபடி சேர்த்துக்கொள்” என்று முழு ஃபோல்டரையும் இழுத்து உள்ளே போட்டேன்.

விளைவு: 22,800 பாட்டு. ஒவ்வொன்றும் இரண்டு தடவை. ஒன்று உயிரோடு, ஒன்று ஆவியாக.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொலை நடக்கப்போவது இங்கேதான்.

*

தேடலுக்கு வருவோம். படத்தின் பெயரில் தேடலாம் என்று ‘நிழல்கள்’ ஆல்பத்தைத் தேடினால், ஒரே படத்துக்குப் பல ஆல்பம். ஒவ்வொன்றிலும் ஒற்றைப் பாட்டு, பாகப்பிரிவினை ஆன வீடு மாதிரி.

காரணம் மேற்கத்திய வழக்கம். அங்கே ஒரு ஆல்பம் என்றால் பெரும்பாலும் ஒரு பாடகர் அல்லது ஒரு குழு. நம் சினிமா ஆல்பத்தில் பாட்டுக்கு ஒரு பாடகர். மென்பொருள் ‘பாடகர்’ கட்டத்தைப் பார்த்து, “ஓ, வேறு வேறு ஆட்கள், வேறு வேறு ஆல்பம்” என்று தனிக்குடித்தனம் வைத்துவிடுகிறது. இதற்கு மருந்து, ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்று இன்னொரு கட்டம். அதில் படத்தின் எல்லாப் பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரை ஒரே மாதிரி போட்டால் குடும்பம் ஒன்று சேர்ந்துவிடும்.

‘ஒரே மாதிரி’ என்பதை அடிக்கோடிடவும். என் டிஸ்க்கில் இளையராஜாவுக்கு ஏழு ஃபோல்டர். ஒன்றில் ஒரு ‘எல்’, ஒன்றில் இரண்டு ‘எல்’, ஒன்றில் நடுவில் ‘ஒய்’, ஒன்றில் இரண்டு ‘ஏ’, ஒன்றில் மொட்டையாக ‘ராஜா’. அவர் ஒருவர்தான் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சாதாரண பாட்டு சி.டி.யில் பெரும்பாலும் பாட்டின் பெயரே பதிவாகியிருக்காது என்பது தெரியுமா? பாட்டுகள் எங்கெங்கே ஆரம்பிக்கின்றன என்ற கணக்கை வைத்து, “இது இன்ன சி.டி.யாக இருக்க வேண்டும்” என்று இன்டர்நெட்டில் தேடித்தான் பெயர் வரும். அந்தப் பெயர்களைத் தட்டினவர்கள் எங்கெங்கோ இருந்த ரசிகர்கள். அவரவர் ஊர் உச்சரிப்பு, அவரவர் ஸ்பெல்லிங்.

எம்பி3-யிலும் ஆரம்பத்தில் பெயருக்கு இடம் இல்லை. ‘எம்பி3’ என்ற வால் பெயரை 1995-ல் ஜெர்மனியின் ஃப்ராவுன்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தார் முடிவு செய்தபோது அவர்கள் கவலை எல்லாம் ஒலியைச் சுருக்குவதில்தான். 1996-ல் எரிக் கெம்ப் என்பவர், ஃபைலின் கடைசியில் 128 பைட் ஒட்டுப்போட்டார். ஐடி3 என்று பெயர். அதில் தலைப்புக்கு 30, பாடகருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருஷத்துக்கு 4, குறிப்புக்கு 30, அடையாளத்துக்கு 3, பாட்டின் வகைக்கு 1. கூட்டிப் பாருங்கள், 128 வரும். நான் பார்த்துவிட்டேன், தொழில் புத்தி.

முப்பது எழுத்து வெள்ளைக்காரனுக்குப் போதும். நமக்கு? ‘இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா’ (2013) படத்தை வழக்கமான இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் எழுதிப் பாருங்கள். முப்பதாவது எழுத்தில் ‘பாலக்’ என்று நின்றுவிடும். கீரை!

வகைக்கு ஒதுக்கின அந்த ஒரு பைட் இன்னும் விசேஷம். வகைகளுக்கு எண் கொடுத்தார்கள். 24 என்றால் சினிமா இசை. 75 என்றால் போல்கா. ஆம், போல்காவுக்கு இடம் உண்டு. கர்நாடக சங்கீதத்துக்கும் டப்பாங்குத்துக்கும் கிடையாது. பூஜ்யம் என்றால் ‘ப்ளூஸ்’, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோக சங்கீதம். இந்த இடத்தைக் கவனிக்காமல் பூஜ்யமாகவே விட்ட மென்பொருள்கள் உண்டு. அதனால்தான் என் டிஸ்க்கில் சீர்காழி கோவிந்தராஜனின் முருகன் பாட்டெல்லாம் ப்ளூஸ். சூலமங்கலம் சகோதரிகள், ப்ளூஸ். ஒரு நாதஸ்வரக் கச்சேரி, ப்ளூஸ். 1998-ல் வந்த இரண்டாவது பதிப்பில் இட நெருக்கடி தீர்ந்தது. ஆனால் பழைய ஒட்டு பழைய ஃபைல்களில் இன்னும் தொங்குகிறது.

பெயர் வைப்பதில் விண்டோஸும் தன் பங்குக்குப் படுத்தும். ஃபோல்டர் பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு, நட்சத்திரம் இதெல்லாம் கூடாது. ஆகவே ‘எம். குமரன்’ (2004) தன் அம்மா பெயருக்கு முன்னால் போடும் ‘எஸ், சாய்கோடு, ஓ’வோடு ஃபோல்டராக முடியாது. சாய்கோடு போய் அங்கே ஒரு அடிக்கோடு உட்கார்ந்திருக்கும். ஃபோல்டர் பெயரின் கடைசியில் புள்ளி வைத்தால் சத்தம் போடாமல் எடுத்துவிடும். ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ (2004) கடைசிப் புள்ளியை இழந்து அரைகுறை டாக்டராகத்தான் உள்ளே வருவார். ரெஜிஸ்டரில் புள்ளியோடு எழுதி, கோடவுனில் புள்ளி இல்லாமல் இருந்தால்? ஆச்சரியக்குறி!

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். ஏழு இளையராஜாவும் ஒருவர் ஆனார். ‘நிழல்கள்’ குடும்பம் ஒன்று சேர்ந்தது. அப்பாவின் பாட்டு மட்டும் இல்லை.

சாயங்காலம் காபி குடிக்கும்போதுதான் அந்த எண் மண்டையில் அடித்தது.

*

போன மாதம் 22,800 ஆனது என்றேனே? மென்பொருளில் ‘இரட்டைப் பாட்டுகளை நீக்கு’ என்று ஒரு வசதி இருந்தது. ஆகா என்று அழுத்தினேன். ‘ஃபைலையும் சேர்த்து நீக்கவா?’ என்று ஒரு கட்டம். ஆமாம் என்று டிக் அடித்தேன். ஆவிகள்தானே, ஃபைல் ஏது என்ற தைரியம். முடிந்ததும், ‘11,637 நீக்கப்பட்டன’ என்று காட்டியது. “சபாஷ்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

ஐயா, ஆவிகள் 11,400. நீங்கினது 11,637. மீதி 237 யார்?

ஆபீஸில் ட்ரையல் பேலன்ஸில் இரண்டு ரூபாய் உதைத்தால் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து வவுச்சர் வவுச்சராகத் தேடுகிற ஆள் நான். மார்ச் மாதத்தில் ஜூனியர் பையன்கள் என்னைக் கண்டாலே பின் வாசல் வழியாகப் போவார்கள். அப்பேர்ப்பட்டவன், சொந்த வீட்டில் 237 உதைத்ததைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

என்ன நடந்தது என்று இப்போது புரிந்தது. அந்த வசதி பாட்டைக் கேட்டுப் பார்ப்பதில்லை. தலைப்பு, படம், பாடகர் மூன்றும் ஒன்றாக இருந்தால் இரட்டை என்று முடிவு கட்டும். தரம் உயர்ந்ததை வைத்துக்கொண்டு தாழ்ந்ததைத் தள்ளும். சி.டி.யிலிருந்து வந்தது நொடிக்கு 320 ஆயிரம் பிட், ஸ்டீரியோ. அப்பா கேசட்டிலிருந்து வந்தது 64 ஆயிரம் பிட், மோனோ, இரைச்சல், முறுக்கு. எது போகும்?

அப்பா பதிவு செய்த பாட்டுகளில் எதையெல்லாம் பிற்பாடு சி.டி.யில் வாங்கினேனோ, அதெல்லாம் காலி. 237.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா பேசுவது ஐந்து நொடி. நொடிக்கு 64 ஆயிரம் பிட். மொத்தம் 320 ஆயிரம் பிட். எட்டால் வகுத்தால் 40 ஆயிரம் பைட். என் சம்பள ஸ்லிப்பின் பிடிஎஃப் அதைவிடப் பெரிது. அவ்வளவு சின்ன இடத்தில் இருந்திருக்கிறார். அதையும் காலி பண்ணிவிட்டேன்.

பதறிப்போய் பேக்-அப் டிஸ்க்கை எடுத்தேன். உண்டு, நான் ஜாக்கிரதையான ஆள். ஆனால் அது ‘ஸின்க்’ முறை. ராத்திரிதோறும் முதல் டிஸ்க்கைப் பார்த்து அச்சு அசலாகக் காப்பி அடிக்கும். முதலாவதில் ஒன்று நீங்கினால், விசுவாசமான வேலைக்காரன் மாதிரி இரண்டாவதிலும் நீக்கிவிடும். நீக்கியிருந்தது. கண்ணாடியில் இரண்டு முகம் தெரிவதால் ஆள் இரண்டாகிவிடுவதில்லை.

குப்பைத் தொட்டி? அதை நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலி செய்வேன். சுத்தமான ஆள் அல்லவா!

அக்காவிடமிருந்து மெசேஜ்: “டேய், ரெண்டு நிமிஷம் ஆச்சா?”

பதில் போடவில்லை. மனைவி எதுவும் கேலி செய்யவில்லை. அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

*

திங்கட்கிழமை ஆபீஸில், கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிற இளைஞனிடம் போய் நின்றேன். மார்ச் மாதத்தில் பின் வாசல் வழியாகப் போகிறவர்களில் அவனும் ஒருவன். விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தான்.

“சார், முதல்ல அந்த டிஸ்க்ல புதுசா எதுவும் எழுதாதீங்க. ஒரு பாட்டுகூட ஏத்தாதீங்க.”

“நேத்து பூரா திருத்தம் பண்ணினேனேப்பா...”

“ஐயோ! சரி, இதோட நிறுத்திக்குங்க. ஃபைலை அழிச்சா உடனே அழியறதில்ல சார். பட்டியல்ல அந்தப் பேரை அடிச்சுட்டு, ‘இந்த இடம் காலி’ன்னு போர்டு மாட்டுவாங்க. அதுக்கு மேல வேற ஃபைல் வந்து உக்கார்ற வரைக்கும் பழசு அங்கயேதான் இருக்கும். மீட்டெடுக்க சாஃப்ட்வேர் இருக்கு, பாக்கலாம். அது சரி, குப்பைத் தொட்டியைக் காலி பண்ணினப்போ அந்த டிஸ்க் செருகியிருந்துதா?”

யோசித்தேன். இரட்டைகளை நீக்கினது ஞாயிறு. ராத்திரி ஸின்க் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன். காலி செய்தது மறுநாள் காலை.

“இல்லையே.”

பையன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள். அதற்காகவே அவனுக்கு இன்க்ரிமென்ட் சிபாரிசு செய்யலாம்.

“சார், குப்பைத் தொட்டி ஒண்ணு கிடையாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனி. ஸ்க்ரீன்ல தெரியறது, அந்த நேரத்துல மாட்டியிருக்கிற எல்லாத் தொட்டியையும் சேத்துக் காட்டற படம். கழட்டி வெச்ச டிஸ்க்கோட குப்பை டிஸ்க்லயேதான் இருக்கும். வீட்டுக்குப் போய் டிஸ்க்கை மாட்டிட்டுத் தொட்டியைத் திறந்து பாருங்க. ‘நிரந்தரமா அழி’ன்னு டிக் பண்ணாம இருந்திருந்தா, இருக்கும்.”

‘ஃபைலை நீக்கு’ என்றுதான் டிக் அடித்தேன். ‘நிரந்தரமாக’ என்று அடித்தேனா? ஞாபகம் இல்லை. அன்றைக்கு ஆறு மணி வரை எனக்கு எந்தக் கணக்கும் ஓடவில்லை. வேளச்சேரி ரயிலில் எதிர் சீட்டுக்காரர், “உடம்பு சரியில்லையா சார்?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து சட்டைகூட மாற்றாமல் டிஸ்க்கைச் செருகினேன். தொட்டியைத் திறந்தேன்.

இருந்தன. எண்ணிப் பார்த்தேன். 237.

கணக்கு டேலி ஆனபோது கண்ணில் தண்ணீர் வந்தது சர்வீஸிலேயே இதுதான் முதல் தடவை.

(தொட்டிக்குள் நிஜத்தில் ஃபைலுக்குப் பழைய பெயர் இருக்காதாம். டாலர் குறி, ஆர் என்று ஆரம்பித்துக் கன்னாபின்னா எழுத்துகளாக இருக்குமாம். பழைய பெயரும் விலாசமும் பக்கத்தில் இன்னொரு குட்டி ஃபைலில் எழுதியிருக்குமாம். அதைப் பார்த்துத்தான் ‘மீட்டமை’ என்றதும் பழைய இடத்துக்கே திருப்பி வைக்கிறது. மறுநாள் பையன் சொன்னான். பிணவறைச் சீட்டு மாதிரி என்றான். அவன் உவமையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்.)

*

பிரசங்கம் நான்கு வரி. ஆபீஸ் போகிற இளைஞர்களுக்கு, குறிப்பாக அப்பா அம்மா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறவர்களுக்கு:

1. வெளி டிஸ்க்குக்கு ஒரு எழுத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். அகரவரிசையில் பின்னால் இருக்கிற எழுத்தாக. நான் ‘எம்’ கொடுத்திருக்கிறேன், மியூசிக்குக்கு. பென் டிரைவ்கள் அங்கே துண்டு போட வராது.

2. ஆச்சரியக்குறி வந்தால் மறுபடி சேர்க்காதீர்கள். விலாசத்தைத் திருத்துங்கள். ஃபோல்டரை நகர்த்துவது யார், நீங்களா மென்பொருளா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு கோடவுனுக்கு இரண்டு மேனேஜர் கூடாது. ‘ஃபோல்டர்களை ஒழுங்காக வை’ என்று ஒரு டிக் இருக்கும். நீங்களே நகர்த்துகிறவர் என்றால் அதை எடுத்துவிடுங்கள்.

3. இரட்டைகளை நீக்கும் முன் பட்டியலைப் படியுங்கள். நீங்கினது எத்தனை, நீங்க வேண்டியது எத்தனை என்று டேலி பாருங்கள். உதைத்தால் குளிக்கப் போகாதீர்கள்.

4. ஸின்க் வேறு, பேக்-அப் வேறு. வீட்டு மனிதர்களின் குரல் இருக்கிற ஃபைலைப் பாட்டு நூலகத்திலேயே வைக்காதீர்கள். தனி ஃபோல்டர், மூன்று காப்பி, ஒன்று வேறு ஊரில் அக்கா வீட்டில்.

*

ராத்திரி பதினொன்றே காலுக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டைப் போட்டேன். உஸ்ஸென்று டேப் இரைச்சல். எங்கோ சைக்கிள் மணி. வயலின்கள் ஏறின.

“அம்மா... முறுக்கு இருக்கா?”

சட்டென்று நிறுத்தினேன். பின்னால் தள்ளி மறுபடி போட்டேன். மூன்றாம் தடவை மனைவி காதில் மாட்டினேன்.

“என்னங்க, இது பொம்பளப் பிள்ளை குரல்!” என்றாள்.

ஃபைலை அக்காவுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு வரி: “முறுக்கு கேட்டது யார்?”

நீல டிக் விழுந்தது. ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு போனே வந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுதிருக்கிறாள்.

“நான்தான்டா. எனக்குப் பதினாலு வயசு. அப்பாகிட்ட அடி விழும்னு பயந்து உன்னைக் கை காட்டிட்டேன். அப்புறம் அப்படியே... கல்யாணம் ஆயிடுச்சு.”

புதன்கிழமை திருச்சியில் அப்பா படத்துக்கு மாலை போட்டு, இலை போடுவதற்கு முன்னால் எல்லாரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினோம். ‘ஷ்ஷ்! யாரும் பேசாதீங்க!’ என்றதும் கூடத்தில் நிஜமாகவே ஒருத்தரும் பேசவில்லை. இத்தனை வருஷத்தில் அப்பா சொல்லி எங்கள் குடும்பம் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மாவின் சிரிப்பு வந்தபோது அக்கா பேத்தி மட்டும் கூடவே சிரித்தாள்.

அந்த ஃபைலுக்கு இப்போது புதிதாக விவரம் தட்டி வைத்திருக்கிறேன். ஆல்பம்: மன்னார்குடி. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்: அப்பா. தலைப்பு: ‘ஷ்’. இனி எந்த மென்பொருளும் இதை எதற்கும் இரட்டை என்று சொல்ல முடியாது.

வகை என்ன போடுவது என்று தெரியவில்லை. ஏற்கெனவே இருந்ததைப் பார்த்தேன். பூஜ்யம். ப்ளூஸ்.

இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.